வதனிக்கான ஈரல்

ஒக்டோபர் 7, செவ்வாய். மழை இல்லை. காற்று.

இன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நான். இவர். மகள் அபி, லீவு போட்டுவிட்டு வந்தவள், இங்கிலிஷ் எனக்குத் தடக்கினால் என்று. ஈரல் டொக்டர், பெண். ஒருங்கிணைக்கிற நேர்ஸ் ரூத். டயட்டீஷியன் பிள்ளை கீர்த்தனா, கோயம்புத்தூர்ப் பக்கம். ஆறு பேர்.

வதனி இல்லை. வரக்கூடாது. ஈரல் கொடுக்கிறவருக்கு ஒரு டொக்டர் கூட்டம், வாங்குகிறவருக்கு வேறு கூட்டம். ஒருவர் கதை மற்றவர் காதில் விழக்கூடாதாம். கூடப்பிறந்த தங்கச்சி என்றாலும்.

இரத்தம் பொருந்துது. இதயம், சுவாசம் சரி. ஈரலின் அளவும் போதும். பிறகு டொக்டர் ஸ்கான் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஈரலில் கொழுப்பு.

எனக்கா? கலியாணத்துக்குத் தைத்த சட்டை இன்னும் பிடிக்குது எனக்கு. டொக்டரும் என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். மெலிந்தவர்களுக்கும் வரும், உங்கள் நாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு அதிகமாகவே வரும் என்றார். இப்படியே வெட்டி எடுத்தால் எனக்கும் ஆபத்து, அவளுக்கு வைத்தாலும் அது வேலை செய்யாமல் போகலாம். நவம்பரில் திரும்ப ஸ்கான். குறைந்திருந்தால் பார்ப்போம். குறையாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

கீர்த்தனாவின் கையில் என் சாப்பாட்டுக் குறிப்பு. நவராத்திரிக் கிழமை எழுதிக் கொடுத்தது. கிராம் கணக்கில், பருப்புக்குத் தனி வரி போட்டு.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல கொழுப்பே இல்லையே. பாதி நாள் சாப்பாடே இல்ல."

"விரதம், பிள்ளை."

"வாரத்துல எத்தன நாள்?"

"செவ்வாய், வெள்ளி. புரட்டாசியில சனியும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வதனிக்கு இந்த ஈரல் வருத்தம் என்று தெரிந்த மாதம் நேர்ந்துகொண்ட விரதம். அவள் சுகப்படும் வரைக்கும்.

இப்படிச் சாப்பிடுகிறவருக்கு இவ்வளவு கொழுப்பு என்றால் குடலில் இருக்கிற கிருமிகளையும் பார்க்க வேணும் என்றார் டொக்டர். ஒரே கொழுப்பு ஒருவருக்கு எரியும், இன்னொருவருக்கு ஈரலில் படியும், உள்ளே குடியிருக்கிற கிருமிகளுக்கும் அதில் பங்கு உண்டாம். கழிவு எடுத்து அனுப்ப ஒரு பெட்டி தந்தார்கள். ஆராய்ச்சிக்கும் சேர்த்து.

கடைசியில் ரூத் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னோடு தனியக் கதைத்தா. மனம் மாறினால் ஒரு சொல் போதும், எப்பவும், எந்தக் கட்டத்திலும். தங்கச்சிக்கு "மருத்துவக் காரணம், பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லுவோம், உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம். நல்ல மனுசி. நல்லதுக்குத்தான் சொன்னா.

பஸ்ஸில் இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு: "இதைத் திறந்து காட்டச் சொன்னா ஆருக்கு என்ன சொல்லுறது?"

சிரிக்கவில்லை நான்.


ஒக்டோபர் 8, புதன்

விளங்காமல் விட்டால் நித்திரை வராது எனக்கு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, ஆனால் வாசிக்கிறதை ஒருவரும் நிற்பாட்டவில்லை. நூலகத்தில் குடல் பற்றி ஒரு புத்தகம், படங்களோடு. மிச்சத்துக்கு அபியின் லாப்டொப்.

விளங்கினது:

கொழுப்பு உள்ளே போனால் ஈரல் பித்தநீர் விடும், அதைக் கரைக்க. அந்தப் பித்தநீரைக் குடலில் கிருமிகள் மாற்றிவிடும். மாறின பித்தநீர் திரும்ப ஈரலுக்கே போகும். போய், இனி எவ்வளவு சேர், எவ்வளவு எரி என்று சொல்லுமாம். அப்போ ஈரலோடு கதைக்கிறது நான் இல்லை.

கிருமியே படாமல் வளர்த்த எலிகள். கொழுப்புச் சாப்பாடு போட்டாலும் மற்ற எலிகள் மாதிரிக் கொழுக்கவில்லையாம். கொழுத்த எலியின் கிருமியை எடுத்து இவற்றுக்குக் கொடுத்ததும் இவையும் கொழுக்கத் தொடங்கினவாம்.

நார்ச்சத்து அந்தக் கிருமிகளின் சாப்பாடு. கீரை, பயறு, கடலை, தவிடு. அது கிடைக்காவிட்டால் சிலது குடல் சுவரின் வழுவழுப்பையே தின்னுமாம். சுவர் மெலியும். அதன் மேல் கொழுப்பும் வந்தால் கிருமியின் துண்டுகள் இரத்தத்தில் ஏறி முதலில் போய்ச் சேருகிற இடம் ஈரல்.

வாசித்துவிட்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சுவாமிக்குப் படைத்துவிட்டு மிஞ்சினதைத் தான் நான் சாப்பிடுவேன். எனக்குப் பிறகும் ஒரு பந்தி இருக்கிறது என்று இவ்வளவு காலமும் தெரியாது.

வதனிக்குப் பித்தநீர் போகிற வழிகள் ஈரலுக்குள்ளேயே அழிகின்றன. தேங்கி நிற்கிறது. அதுதான் உடம்பெல்லாம் கடி, சொறிச்சல். ஒரே தாய் வயிறு, இரண்டு பேருக்கும் பித்தத்தில்தான் கோளாறு.

நாளைக்கு: தேங்காய்ப்பால் நிற்பாட்ட. சொதி பால் இல்லாமல் எப்படி? தக்காளிச் சொதி. குரக்கன் மா, கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குக் கேழ்வரகு, முடிந்தது. பயறு. வல்லாரை கிடைத்தால். பெட்டிக்குரிய வேலை காலையில்.


ஒக்டோபர் 10, வெள்ளி. தூறல்.

விரதம். விடலாமா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னவள் கீர்த்தனா. யோசித்தேன். விட ஏலாது. அவளுக்காகப் பிடிக்கிறதை அவளுக்கு வருத்தம் கூடின நேரத்தில் விடுவதா?

பெட்டியை நேற்றே தபாலில் போட்டாச்சு. இவர்தான் கொண்டுபோனார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

பின்னேரம் ஃபாரஸ்ட் கேட், வதனி வீடு. அவளின் புருசன் சிவா கதவைத் திறந்தார். கடைக்குப் போகாமல் மனுசியோடு நிற்கிறார் இப்போ. வதனி சோபாவில். கண் மஞ்சள். தலை வாருகிற சீப்பால் முழங்கையைச் சொறிந்துகொண்டு.

ஸ்கானில் வந்ததைச் சொன்னேன். அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்லலாம்தானே.

"உங்களுக்கோ கொழுப்பு?"

"ஓம்."

"கண்ணாடி பாக்கிறனீங்களோ அக்கா?"

"மெலிஞ்ச ஆக்களுக்கும் வருமாம். குடல்ல இருக்கிற கிருமி…"

"கிருமி." சீப்பை மறு கைக்கு மாற்றினாள். "கிளினிக்கில பக்கத்தில இருந்த மனுசி சொன்னவ. குடுக்கிற ஆளுக்கு மனமில்லாட்டி டொக்டர்மாரே ஒரு காரணம் சொல்லி விடுவினமாம். நல்ல ஏற்பாடு."

"வதனி."

"நான் குறை சொல்லேல்லை. பயம் ஆருக்கும் வரும். எனக்கெண்டாலும் வரும். நேரே சொல்லுங்கோ, காணும். கிருமி எலி எண்டு கதை வேண்டாம்."

சிவா தேத்தண்ணியோடு வந்து நின்றார். வைக்கிறதா கொண்டுபோகிறதா என்று தெரியாமல்.

என்ன சொன்னேன் பிறகு? சொதி செய்முறை. தக்காளிச் சொதி செய்முறை சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அங்கிருந்து நேரே கோயில். அழுதேன் என்று எழுதத் தேவையில்லை. வீட்டில் ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. கோயிலால் கொண்டுவந்த சர்க்கரைப் புக்கையை மட்டும் எடுத்துவிட்டுப் படுத்தேன்.


ஒக்டோபர் 11, புரட்டாசிக் கடைசிச் சனி

காலை முழுக்கக் கோயில் சமையல், நானும் இன்னும் மூன்று பெண்களும். எள்ளுச்சாதம், வடை, புக்கை. படைக்க முதல் ருசி பார்க்கக்கூடாது, உப்புக் கூட மணத்தில்தான் பிடிக்க வேணும். எள்ளெண்ணெய் விளக்கு வதனி பெயரில். நல்ல சனம்.

இரவு கீர்த்தனாவுக்கு எழுதினேன். இந்தக் கிழமையும் குறிப்புக் கேட்டவள். காலை: வெறும் தேத்தண்ணி. மதியம்: இல்லை. இரவு: வாழைப்பழம் ஒன்று, பால் அரைக் கோப்பை.

இவர் எதிரே குரக்கன் பிட்டோடு. எட்டிப் பார்த்தார்.

"எள்ளுச்சாதம் எங்க?"

"எந்த எள்ளுச்சாதம்?"

"இப்ப தட்டில வச்சுச் சாப்பிட்டீரே. ரெண்டு வடையும்."

"அது பிரசாதம்."

"ஓம், பிரசாதம். எழுதேல்லையோ?"

"பிரசாதத்தை ஆர் சாப்பாடெண்டு எழுதுவினம்?"

இவர் பிட்டை வாயில் வைக்கவில்லை. "அப்ப நவராத்திரிக்கு?"

அபி மேலே இருந்து இறங்கி வந்தாள், இந்தக் குரலைக் கேட்டு. "வெயிட், அம்மா. அந்த ஃபொயில் தட்டு எல்லாம்? நீங்க ஒண்டுமே எழுதேல்லையா?"

எழுதவில்லை. மனதில் கூட வரவில்லை. கடதாசியில் மூன்று கட்டம்: சாப்பாடு, குடிபானம், கொறிக்கிறது. பிரசாதம் எந்தக் கட்டம்? மறைக்கவில்லை நான். வீட்டுக் கணக்கில் ஒரு பென்னி பிசகினால் திரும்பக் கூட்டுகிறவள்.

சமையலுக்கு நிற்கிற எங்களுக்கு மிஞ்சினதை ஃபொயில் தட்டில் கட்டித் தருவார்கள். இவருக்குச் சுகர், ஒரு விரல் நுனிக்கு மேல் எடுக்க மாட்டார். அபிக்கு நெய் மணம் ஆகாது. கொட்டலாமா? குப்பைத் தொட்டியில் பிரசாதத்தையா? எல்லாம் நான்தான். இரவு பாறணைக்கு அது, அடுத்த நாள் காலை மிச்சம், மத்தியானம் மிச்சத்தில் மிச்சம். அதால்தான் வேறு சாப்பாடு குறைவு. அதால்தான் கடதாசி அவ்வளவு சுத்தம்.

இருந்து எழுதிப் பார்த்தோம், மூன்று பேரும். நவராத்திரியில் மட்டும்: புக்கை, சர்க்கரையும் நெய்யும் மிதக்க. அவல், தேங்காய்ப்பூவோடு. வடை. மோதகம். பஞ்சாமிர்தம். திரும்பப் புக்கை. கடலை ஒரு நாள், அதை அபியும் இவரும் முடித்துவிட்டார்கள்.

இவர் பேனையை மூடிவிட்டு: "முருகன் உமக்கு மட்டும் நெய்யில கொழுப்பை எடுத்துப்போட்டுத் தருவார் எண்டு நினைச்சீரோ?"

பகிடிக்குத்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.


ஒக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. சோறு அடிப்பிடித்தது.

சொன்னால்: பொய்க்காரி என்று எடுத்துவிடுவார்களோ? சாப்பாட்டையே சரியாகச் சொல்லாதவள், வேறு என்ன மறைத்தாளோ என்று?

சொல்லாவிட்டால்: கிருமிதான் காரணம் என்று பிழையான வழியில் தேடிக்கொண்டிருப்பார்கள், நவம்பர் வந்துவிடும், வதனி?

இன்னொன்று. எழுத விருப்பமில்லை, எழுதுகிறேன். முந்தி எனக்கு இவ்வளவு விரதம் இல்லை. வெள்ளி மட்டும், அதுவும் மரக்கறியோடு மூன்று நேரமும் சாப்பிட்டு. கோயில் சமையலுக்குப் போகத் தொடங்கியதே அந்த நேர்த்திக்கடனுக்குப் பிறகுதான். பகல் முழுக்க வெறும் வயிறு, பிறகு நெய்யும் சர்க்கரையும். செவ்வாய், வெள்ளி, சனி. எல்லாம் அவளுக்காக.

முருகா.

அபி சொல்கிறாள், "அம்மா, யூ ஹாவ் டு டெல் தெம்." தெரியும். தெரிகிறது வேறு, போனை எடுக்கிறது வேறு.


ஒக்டோபர் 13, திங்கள். வெயில், ஆனால் குளிர்.

கீர்த்தனாவோடு கதைத்தேன். முதலே எழுதி வைத்து வாசித்தேன், நடுவில் அழக்கூடாதென்று.

அந்தப் பக்கம் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி. "சாரி ஆன்ட்டி. உங்களப் பார்த்துச் சிரிக்கல. எங்க அம்மா எழுதினாலும் பிரசாதத்த எழுத மாட்டாங்க. நானே எழுதியிருக்க மாட்டேன். நான் கேட்டிருக்கணும், என் மேலயும் தப்பு."

"கிருமி காரணமில்லையோ அப்ப?"

"அதுவும்தான் ஆன்ட்டி. ரெண்டும் சேர்ந்துதான். நாள் பூரா நார்ச்சத்து உள்ள போகல. நல்லது செய்யிற கிருமிங்களுக்குச் சாப்பாடு இல்ல. அப்புறம் ஒரே நேரத்துல நெய்யும் சர்க்கரையும். அத விரும்புற கூட்டம்தான் உள்ள வளரும். வளர்ந்தா, அடுத்த தடவ வர்ற கொழுப்ப அது இன்னும் மோசமாக்கும். நெய் மட்டும் குத்தம்னு சொல்ல முடியாது, கிருமி மட்டும்னும் சொல்ல முடியாது. சர்க்கரையும் இருக்கு அதுல."

"குறையுமோ, பிள்ளை? நவம்பருக்குள்ள?"

"குறைய வாய்ப்பு இருக்கு. சாப்பாடு மாறினா அந்தக் கிருமிங்க சீக்கிரமே மாற ஆரம்பிக்கும். ஈரலுக்குக் கொஞ்சம் நாளாகும். சத்தியம் பண்ணித் தர முடியாது ஆன்ட்டி."

அனுப்பின கழிவு பற்றிக் கேட்டேன். டொக்டரிடம் கேட்க வேண்டும் என்றாள். என்னை எடுப்பார்களா விடுவார்களா, அதையும் டொக்டர்தான் சொல்ல வேணுமாம்.

சொன்னது: மூன்று நேரமும் சாப்பாடு. ஒவ்வொன்றிலும் பயறோ கடலையோ கீரையோ. நெய், தேங்காய்ப்பால், வடை இல்லை. சமையலுக்கு நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. நடை. விரதம் இல்லை.

"சஷ்டி வருது. இருபத்திரண்டாம் தேதி தொடங்குது."

"இந்த வருஷம் வேணாம் ஆன்ட்டி. நான் சொல்றேன்னு சாமிகிட்ட சொல்லுங்க."


ஒக்டோபர் 15, புதன்

ஐயரைக் கேட்டேன், பூசை முடிந்து மடைப்பள்ளி வாசலில். முழுக்கச் சொன்னேன்.

"பிரசாதம் எவ்வளவு எடுக்கிறதெண்டு ஒரு சட்டமும் இல்லை, அம்மா. கண்ணில ஒத்திப்போட்டு ஒரு சோறு எடுத்தாலும் பிரசாதம்தான். தட்டு முடிக்கிறது உங்கட வழக்கம்."

"மிச்சத்தைக் கொட்டேலாதே, ஐயா."

"ஏன் கொட்டுறியள்? வெளியில பஸ் ஸ்டாண்டில எத்தினை பொடியள் ஷிப்ட் முடிஞ்சு பசியோட நிக்கிறாங்கள். கட்டிக் குடுங்கோ." பிறகு மணியைத் துடைத்துக்கொண்டே: "நேத்திக்கடன் ஆருக்கு?"

"தங்கச்சிக்கு."

"அவவுக்குக் குடுக்கத்தானே சாப்பிடுறியள். இதையே விரதமா வச்சுக்கொள்ளுங்கோ."

இது ஆறுதலா சாஸ்திரமா தெரியவில்லை. இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன். மனம் முழுக்க ஒப்பவில்லை இன்னும். வீட்டுக்கு வந்து மூன்று நேரக் கணக்கில் இரண்டாம் நேரம் சாப்பிட்டேன். வெறும் கடமைக்கு. பயறு வாய்க்குள் மண் மாதிரி.


ஒக்டோபர் 17, வெள்ளி. மழை.

வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிட்டேன். குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல், தேங்காய் பேருக்கு. சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன், என்ன மடத்தனம்.

ஃபாரஸ்ட் கேட். அவித்த கடலை கொண்டுபோனேன். வதனி படுத்தபடி. இன்று பேச்சு கொஞ்சம் இழுத்தது. சிவா சொன்னார், காலையில் கிழமை கேட்டதுக்கு மாற்றிச் சொன்னாளாம்.

கட்டில் விளிம்பில் இருந்து சொன்னேன். ஃபொயில் தட்டு, நவராத்திரி, மூன்று கட்டம் போட்ட கடதாசி, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விலாவைப் பிடித்துக்கொண்டு.

"மோதகமும் எழுதேல்லையோ?"

"இல்லை."

"பஞ்சாமிர்தம்?"

"இல்லையடி."

"இதை ஒருத்தராலும் சோடிச்சுச் சொல்லேலாது, அக்கா."

சிரிப்பு நின்றது. சொறிகிறதும் நின்றது.

"ஆருக்காகப் பிடிச்ச விரதம்?"

கடலைக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன்.

"எனக்கோ?"

"ஓம்."

"என்ர ஈரலுக்கு நேந்து உங்கட ஈரலைக் கெடுத்து வச்சிருக்கிறியள்."

"ஓம்."

"உங்களுக்கு விசரே, பைத்தியமே?" கண்ணை மூடினாள். நித்திரை என்று நினைத்தேன். பிறகு கடலைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்கோ. எனக்கு முன்னால சாப்பிடுங்கோ. நான் பாக்க வேணும்."

சாப்பிட்டேன். ஒவ்வொன்றாக. சிவாவும் வந்து நின்று பார்த்தார்.

முழுக்க நம்பிவிட்டாளா? கேட்கப் பயம். கிருமி பற்றி ஒன்றும் கதைக்கவில்லை இன்று.


ஒக்டோபர் 20, தீபாவளி

விடியற்காலை சிவா போன். வதனியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். மயக்கம் மாதிரி, ஆளை அடையாளம் தெரியும், பெயர் வருகுதில்லையாம். ஈரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறுது. மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த மருந்தும் குடல் கிருமிக்குத்தான், நஞ்சைச் செய்கிறது அதுகளாம். எங்கே திரும்பினாலும் அதுகள்தான்.

பார்க்க விட்டார்கள் சிறிது நேரம். "அக்கா" என்றாள். பெயர் இல்லை, அக்கா மட்டும். அது போதும்.

பலகாரம் செய்யவில்லை. அபி எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்த லட்டு மேசையில். தொடவில்லை. தொட மனமும் இல்லை. இதற்குப் பெயர் கட்டுப்பாடு இல்லை, பயம்.

மூன்று நேரமும் சாப்பிட்டேன். நடந்தேன், மனோர் பார்க் வரை, திரும்ப. இவர் குடையோடு பின்னால்.


ஒக்டோபர் 21, செவ்வாய்

நாளைக்குச் சஷ்டி தொடக்கம். காப்புக் கட்டப் போவதில்லை. சமையலுக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் தானே விரதம் பிடிக்கிறேன் என்றார், எனக்குப் பதிலாக. "உங்கட சுகருக்கு மூண்டாம் நாள் உங்களையும் அங்கதான் கொண்டுபோக வேணும்" என்றேன். அபி சொன்னாள், "நான் செய்யிறன். எனக்குத் தெரியாது எப்பிடி எண்டு, நீங்க சொல்லித் தாங்கோ." மீனே இல்லாமல் ஒரு நாள் இருக்காதவள். பார்ப்போம்.

டொக்டரிடமிருந்து ஒன்றும் இல்லை இன்னும். கீர்த்தனா சொல்லிவிட்டாளாம், பதில் வரவில்லை. இனிப் பொறுக்க ஏலாது. அபி இங்கிலிஷில் அனுப்ப, கீழே எழுதினது:

ரூத் அவர்களுக்கு. என் சாப்பாட்டுக் குறிப்பில் கோயில் பிரசாதம் விடுபட்டிருந்தது. வேண்டுமென்று விடவில்லை. நெய், சர்க்கரை, தேங்காய் எல்லாம் இருந்தது. சரியான குறிப்பை இத்தோடு அனுப்புகிறேன், முழுக்க. அனுப்பின கழிவு செல்லுமா, திரும்ப எடுக்க வேணுமா?

பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகு நெய்யும் தேங்காய்ப்பாலும் தொடவில்லை. விரதம் விட்டாச்சு.

என் தங்கச்சி நேற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய டொக்டர்மார் உங்களோடு கதைக்கக்கூடாது என்று தெரியும். அதால் நான் சொல்லுகிறேன். நவம்பர் ஸ்கானை முன்னுக்கு எடுக்க ஏலுமா?

என் மனம் மாறவில்லை. பொருந்தவில்லை என்று சொல்லி என்னை விடுவிக்கும்படி நான் ஒருபோதும் கேட்கவில்லை.

என் ஈரல் ஏலாது என்று முடிவானால் அதையும் சொல்லுங்கள், அவளுடைய மனுசனின் தம்பியைச் சோதிக்க வேணும். அப்படியென்றால் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் அவளுக்குச் சொல்ல வேண்டாம். கொழுப்பு என்று சொல்லுங்கள். எதால் வந்தது என்றும் சொல்லுங்கள். மறைக்காமல் சொல்ல நான் சம்மதிக்கிறேன், கையெழுத்து வேணுமென்றால் இன்றே வந்து வைக்கிறேன்.

ஓம் என்றாலும் இல்லை என்றாலும் பரவாயில்லை. தாமதமில்லாமல் கெதியாகப் பதில் தாருங்கள்.